யார் கிள்ளிய இலை

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மரபணுப் பகுப்பாய்வு பற்றி ஓர் அறிமுகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் கருவி மாறிவிட்டது. நாங்கள் ஒரு வாரம் மினக்கெட்டுச் செய்ததைப் புதிய கருவி ஒரே நாளில் முடித்து, எழுத்து எழுத்தாகத் திரையில் காட்டிவிடுகிறதாம். "பழைய முறைய நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு அடிப்படை வெளங்கும் சேர்" என்று தொலைபேசியில் ஒரு பெண் பணிவாகக் கேட்டாள்.

முறையை எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் ஒளிந்துகொண்டதாக ஆகும். முறையில் நான் பெரிதாகத் தவறியதில்லை. முறை தொடங்குவதற்கு முன்னாலேயே தவறினேன். அந்தத் தவறினால் மகேஸ்வரி என்ற தோட்டத் தொழிலாளிப் பெண் தன் வேலையையும் நல்ல பெயரையும் இழந்தார். அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டிவிடும் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் அது நடக்கும். தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வோம். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தேன், கொட்டகலையில் படித்தேன், பட்டம் வாங்கினேன், இந்தியாவில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். பிறகு சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன்.

எங்களுக்கு வந்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தச் செடி, சொல்லப்படும் இனம்தானா?

ஒரு செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட முடிவில்லாத வரி என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் சில இடங்களில் இரண்டு எழுத்துகள் திக்கித் திக்கித் திரும்ப வரும். ஒரு செடியில் பன்னிரண்டு தடவை, இன்னொன்றில் பதினேழு தடவை. தகப்பன் வழியில் ஓர் எண்ணிக்கையும் தாய் வழியில் ஓர் எண்ணிக்கையும் வரும். விதையில் முளைத்த செடிகள் உடன்பிறந்தவர்களைப் போல. சாயல் இருக்கும், எண்ணிக்கை வேறுபடும். கிளையை வெட்டி நட்டு வளர்த்த கன்று அப்படியல்ல. அது தாய்ச்செடியேதான், வேறு இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு இடங்களில் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும், இந்தக் கன்று அந்தத் தாயிடமிருந்து வந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பார்ப்பதற்கு முதலில் இலையிலிருந்து டிஎன்ஏவை வெளியே எடுக்கவேண்டும். தேயிலையில் அது லேசான காரியமில்லை. தொழிற்சாலையில் கொழுந்தைக் கருக்கித் தேநீருக்கு நிறம் தரும் அதே சத்து, எங்கள் குழாயிலும் டிஎன்ஏவைக் கருக்கிப் பாழாக்கும். அதைத் தடுக்கச் சில மருந்துகள் சேர்த்து, அறுபத்தைந்து பாகை சூட்டில் வைப்போம். அழுகிய முட்டைக்கோவா போல ஒரு நாற்றம் வரும். அன்று வீட்டுக்குப் போனால் மனைவி தள்ளி உட்காருவாள். பிறகு குளோரோஃபோம் சேர்த்துக் கருவியில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவான நீரை மட்டும் எடுத்து, எத்தனோல் என்ற குளிர்ந்த சாராயத்தை மெதுவாக விட்டால், பஞ்சிலிருந்து பிரிந்த நூல்போல வெள்ளையாக ஒன்று மிதக்கும். அதுதான். முப்பது வருடம் பார்த்தும் அது மிதந்து வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பிசிஆர் கருவி. சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். ஆறவிட்டால், நாம் போட்ட சிறு துண்டுகள் வேண்டிய இடத்தில் போய் ஒட்டும். மறுபடி சூடேற்றினால் நொதி அங்கிருந்து புது இழையைக் கட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்றில் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். அதை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் விட்டால் குட்டைத் துண்டுகள் முந்தி ஓடும், நீளமானவை பின்தங்கும். தொழிற்சாலையில் சல்லடை தூளைத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கடைசியில் படத்தில் கோடு கோடாகத் தெரியும். கோடுகள் ஒரே மட்டத்தில் நின்றால் ஒரே செடி.

எங்கள் தலைவி அனுலா மேடம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கன்வஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு, தன் குழாய்களைத் தானே கழுவுவார். பெயர் எழுதப் பென்சில்தான். பேனாவைக் கண்டால் வாங்கி மேசை லாச்சியில் போட்டுவிடுவார். சாராயம் பட்டால் மை அழிந்துவிடும், பென்சில் அழியாது. ஜெல் படத்தை நீட்டினால் எங்களுடைய கோடுகளைப் பார்க்கவே மாட்டார். வெறும் தண்ணீர் ஊற்றிய வரிசையைத்தான் முதலில் தேடுவார். அதில் மங்கலாக ஒரு கோடு இருந்தாலும், எங்கோ அழுக்குக் கலந்திருக்கிறது என்று பொருள். ஒரு வார்த்தை பேசாமல் படத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்.

முடிவு என்ன என்று அவர் முதலில் கேட்டு நான் அறியேன். சிங்களத்தில் ஒரே கேள்வி: "இலையை யார் கிள்ளியது?"

எனக்கு அது சடங்கு போலத் தோன்றியது. கோவிலில் பேர், நட்சத்திரம் கேட்பதுபோல.

நான் ஓய்வுபெறுவதற்கு ஐந்து வருடம் இருந்தபோது, எங்களுடன் சேர்ந்த ஒரு தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வறட்சி தாங்கும் தங்கள் சொந்த இனத்தைப் புதிதாக ஒரு மலையில் நட்டார்களாம், பாதிக்குமேல் கருகிவிட்டதாம். நர்சரியில் வேறு இனத்தைக் கலந்துவிட்டார்கள் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்குச் சந்தேகம். நர்சரிக்குப் பொறுப்பு மகேஸ்வரி.

நான் போன அன்று நல்ல மழை. நர்சரிக்கு மேலே பந்தல் இருந்ததால் அங்கே நானே இறங்கி, பத்துக் கன்றுகளில் இலை எடுத்தேன். மகேஸ்வரி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தார். நான் கிள்ளிய ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டுக்கொண்டே வந்தார்.

"குச்சி எதுக்கும்மா?" என்றேன்.

"நாளைக்கி நீங்க வேற கன்ன காட்டிச் சொன்னீங்கன்னா? அதுக்குத்தாங்க" என்றார், சிரிக்காமல். "என் கன்னு மாறாதுங்க. வெட்டுறப்பவே எலைய தடவிப் பாத்துத்தான் பையில வப்பேன்."

ஒப்பிடுவதற்குத் தாய்ச்செடியின் இலை வேண்டும். அந்த இனத்தின் முதல் செடி, பதிவேட்டில் ஒன்றாம் எண், நாலாம் நம்பர் மலையின் உச்சியில் நின்றது. ஜீப் பாதி வழிதான் போகும். அதற்கு மேல் வழுக்குப்பாறை, அட்டை. வழிகாட்ட வந்த, ஆட்களை மேற்பார்க்கும் கருப்பையா கங்காணி என் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஐயா எறங்காதீங்க. அட்டை பிச்சுப்புடும். நம்பர சொல்லுங்க, நான் கிள்ளிட்டு வாறேன்."

"ஒண்ணாம் நம்பர் தாய்ச்செடி. எளசா நாலு எலை."

"ஒண்ணாம் நம்பருங்களா?" என்று ஒரு நிமிடம் நின்றார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. மழை உள்ளே அடித்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கால் மணி நேரத்தில் இலையோடு வந்தார். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினேன்.

ஜெல் படம் சுத்தமாக வந்தது. வெறும் வரிசையில் ஒன்றுமில்லை. பத்துக் கன்றுகளும் ஒரே மட்டத்தில் நின்றன. தாய்ச்செடியின் இலை மட்டும் வேறு மட்டத்தில் நின்றது. பன்னிரண்டு இடங்களில் ஒன்பதில் பொருந்தவில்லை.

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவே. கலப்படம் செய்தவர் இவ்வளவு ஒழுங்காகவா செய்வார்?" என்றார். பிறகு, "தாய்ச்செடியின் இலையை நீங்களே கிள்ளினீர்களா?"

"ஆமாம் மேடம்."

அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அட்டைக்கும் மழைக்கும் பயந்து ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. லயத்தில் பிறந்தவன் மலை ஏறப் பயந்தான் என்று சொல்ல இன்னும் வெட்கம். அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை போய் ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் மகேஸ்வரியை நர்சரியிலிருந்து நீக்கிக் கொழுந்து எடுக்க அனுப்பினார்கள். அவர் வளர்த்த கன்றுகளைப் பள்ளத்தில் தள்ளினார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே வந்து சொன்னார்.

இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பை.

"ஐயா, நான் கலக்கல."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"மெஷின் பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலிங்களே. திரும்ப ஒருக்கா பாருங்கன்னுதான் கேக்குறேன். இந்தாங்க, எலை கொண்டாந்திருக்கேன்."

"தோட்டம் அனுப்பினாத்தான் எடுப்போம். இஷ்டத்துக்கு வாங்க முடியாது."

"தோட்டந்தான் என்னய நர்சரிய விட்டு வெரட்டிருச்சே. பெறகு எங்கிட்டு அனுப்பும்?"

காவலாளியைப் பார்த்தேன். அதை அந்தப் பெண் கவனித்தார். பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்க, ஒங்களுக்கு வேல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

மறக்கவில்லை என்பதைத் தவிர ஐந்து வருடம் நான் வேறு எதுவும் செய்யவில்லை. இதையும் மறைக்காமல் எழுதவேண்டும். ஒன்றாம் எண் செடியின் இலையை இன்னொருமுறை வரவழைத்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இருந்தது. பார்த்தால் என்ன தெரியவருமோ என்ற பயமும் இருந்தது.

என் கடைசி வருடத்தில், எல்லாத் தோட்டங்களின் தாய்ச்செடிகளையும் பதிவுசெய்யும் வேலை வந்தது. மேடம் புது விதி போட்டிருந்தார்: செடியின் எண் பலகையும் கிள்ளும் கையும் ஒரே படத்தில் தெரியவேண்டும். வேறு வழியில்லாமல் நாலாம் நம்பர் மலைக்கு ஏறினேன். அன்று நல்ல வெயில். கருப்பையா கங்காணிதான் கூட வந்தார். ஆள் மெலிந்து போயிருந்தார்.

ஒன்றாம் எண் செடி, செடியாக இல்லை. கத்தி படாமல் இரண்டு ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. அடியில் குங்குமம் பூசிய கல். எரிந்த சூடத்தின் கரி. நான் கிளையைப் பிடித்ததும் கங்காணி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, அதுல நகம் படக்கூடாதுங்க. ஆதியில கெளை எடுத்ததோட சரி, இப்பல்லாம் அதோட கன்னுலதான் வெட்டுறது. கவ்வாத்து சாமி."

நான் கிளையை விட்டேன். "அப்ப அன்னைக்கி மழையில எனக்கு எதக் கொண்டாந்து குடுத்தீங்க?"

"பக்கத்துல நிக்குற செடியிலதாங்க. பழைய வெதத் தேயிலை. எலை எலைதானே."

"கங்காணி, ஏன் சொல்லல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒங்க அப்பாரும் கவ்வாத்துக்காரருதானுங்களே. சாமிச் செடியில கிள்ளமாட்டோம்னு ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் கேக்குறீங்க, பேருக்குத்தான் நம்பர் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியும். அதுதான் உண்மை. சின்ன வயதில் கவ்வாத்துத் தொடங்கும் நாளில் அப்பா கல்லுக்குத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து, பொரியும் கடலையும் வாங்கித் தின்றவன் நான். வேறு ஊர்க்காரர் யாராவது ஜீப்பில் இருந்திருந்தால் கங்காணி விளக்கிச் சொல்லியிருப்பார். நம்ம ஆள் என்பதால் சொல்லவில்லை. நம்ம ஆள் அதையெல்லாம் உதறிவிட்டுப் போயிருந்தான்.

கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து தண்ணீர் போத்தலை நீட்டினார்.

அடுத்த நாள் மேடத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருடம்?"

"ஐந்து, மேடம்."

"அந்தப் பெண் இப்போது எங்கே?"

ஆய்வுக்கூடத்தின் பெயர் என்ன ஆகும் என்றுதான் முதலில் கேட்பார் என நினைத்திருந்தேன். "அதே தோட்டத்தில், கொழுந்து எடுக்கிறார்" என்றேன்.

"முதலில் இலை. உங்களைப் பற்றிப் பிறகு பேசலாம்."

இலை எப்படிக் கிடைக்கும்? சாமிச் செடியில் கிள்ள முடியாது. யாருக்கும் தெரியாமல் கிள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிக் கிள்ளிய இலையை வைத்து எந்த நேர்மையை நிரூபிப்பது? கருப்பையா கங்காணியிடம் யோசனை கேட்டேன். தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உதுந்தது எடுக்கலாங்க. சாமி வேணாம்னு விட்டதுதானே."

"கீழ கெடக்குறது எல்லாச் செடி எலையும் கலந்துல்ல கெடக்கு?"

"அப்ப விழுறப்பவே புடிக்கணும்."

அப்படித்தான் செய்தோம். மரத்தடியைக் கூட்டி, வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, இரண்டு கிழவர்களும் உட்கார்ந்தோம். காலையில் காற்றே இல்லை. கொழுந்துக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னா கங்காணி, மரத்துக்குக் காவலா?"

"ஐயாவுக்கு எலை வேணுமாம்."

"ஒரு மலை நெறைய எலை கெடக்கு, இந்த ரெண்டும் துணி விரிச்சு ஒக்காந்திருக்குதுகளே. தேத்தண்ணி வேணுமா?"

"போங்கடி. படிச்ச ஐயா எலை விழக் காத்துக் கெடக்குறத நானே இன்னைக்கித்தான் பாக்குறேன். கெடுக்காதீங்க."

பதினொரு மணிக்குமேல் பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. முதலில் ஒன்று, நடுப்பகல் தாண்டி இன்னொன்று. முற்றிய இலைகள், பாதி மஞ்சள். கிளையை விட்டு அவை பிரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். நேரத்தைப் பென்சிலால் எழுதினேன். கங்காணி அன்று கிள்ளிய அதே விதைத் தேயிலைச் செடியிலும் இலை எடுத்தேன், இந்தத் தடவை என் கையால்.

மகேஸ்வரியைப் பார்க்கச் சாயங்காலம் லயத்துக்குப் போனேன். கொழுந்தை எடைபோட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: நீங்கள் கலக்கவில்லை என்று நினைக்கிறேன், தவறு என்னுடையது, இலையை நான் கிள்ளவில்லை, கிள்ளியதாகப் பொய் சொன்னேன்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார்.

"அஞ்சு வருசமா எனக்குப் பேரு கலப்படம். தெரியுங்களா? மலையில நெரைக்குப் போனா, 'கலப்படம் வருது, தள்ளி நில்லு'ம்பாளுக. மகனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, 'கல்யாணச் சோத்துலயாச்சும் கலக்காம போடுவீங்களா'ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. நானும் சிரிச்சுக்கிட்டேதான் நின்னேன்."

"நிரூபிக்க ஒங்க கன்னு வேணும். ஆனா எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளிட்டாங்கன்னு..."

"வாங்க" என்று முன்னால் நடந்தார்.

லயத்துக்குப் பின்னால், மரக்கறித் தோட்டங்களின் ஓரம் நெடுக, வேலிபோலத் தேயிலை நின்றது. ஒரு சீர், ஒரு நிறம், இடுப்பளவு. அன்று பள்ளத்தில் தள்ளிய கன்றுகளைப் பெண்கள் படங்கில் அள்ளிவந்து நட்டிருக்கிறார்கள். கலப்படம் என்று கேலி பேசியவர்களும் அள்ளியிருக்கிறார்கள்.

"கன்னு மேல என்னாங்க கோவம்" என்றார் மகேஸ்வரி. நான் பையைத் திறந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்தத் தடவ நீங்களே கிள்ளுங்க."

பத்து இடத்தில் கிள்ளினேன். அவர் பத்துக் குச்சி நட்டார்.

உதிர்ந்த இலையில் டிஎன்ஏ எடுப்பது எனக்கும் புதிது. முதல் இலை கருகிவிட்டது. குழாயில் வெறும் சாயத் தேநீர். இருந்தது இன்னும் ஒன்றுதான். அதை மூன்றாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் எடுத்து, கருக்கலைத் தடுக்கும் மருந்தை இரட்டிப்பாக்கி, குளோரோஃபோமால் நான்கு தடவை கழுவினேன். மேடம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. குளிர்ந்த சாராயத்தை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. குழாயைச் சாய்த்தேன். மயிரிழைபோல, வெள்ளையாக, ஒன்று சுழன்று மேலே வந்தது.

"மூச்சு விடுங்கள்" என்றார் மேடம்.

ஜெல் படத்தை வழக்கம்போல வெறும் வரிசையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். சுத்தம். பிறகு விரலால் ஒவ்வோர் இடமாக எண்ணினார். சாமிச் செடியும் மகேஸ்வரியின் பத்துக் கன்றுகளும் பன்னிரண்டு இடங்களிலும் ஒரே மட்டம். நான் ஐந்து வருடங்களுக்கு முன் தாய்ச்செடி என்று எழுதிய இலையோ, பக்கத்து விதைத் தேயிலையோடு அப்படியே பொருந்தியது.

"திருத்த அறிக்கையில் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். "ஒரே தடவை எடுத்த இலையை நம்பி அறிக்கை அனுப்பச் சம்மதித்ததற்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்." என் கோப்பிலும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வைத்தார். அதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

தோட்டத்துக்குப் புதுத் தொரை வந்திருந்தார். இளைஞர், பொறுமையாகக் கேட்டார். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த மலையில் குழி ஆழம் போதாமல், மழை ஓய்ந்த பிறகு நட்டிருக்கிறார்கள், எந்த இனமாக இருந்தாலும் கருகியிருக்கும் என்று அவரே சொன்னார். மகேஸ்வரியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் தருகிறோம் என்றார்.

மகேஸ்வரி கடிதத்தை வாங்கவில்லை. "கடுதாசிய நான் எங்கிட்டுங்க மாட்டுறது? என்னய எறக்குனது பெரட்டுல. பெரட்டுல சொல்லட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தொரை வேணாம். இவரு சொல்லட்டும்."

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் நின்றேன். மூடுபனி விலகவில்லை. பெண்கள் தலையில் கூடையோடு, ஆண்கள் கத்தியோடு, எல்லோரும் இருந்தார்கள். எழுதிக்கொண்டு போன தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். "மகேஸ்வரி கலப்படம் செய்யல. நான்தான் எலைய கிள்ளாம கிள்ளுனேன்னு எழுதுனேன். பொய் சொன்னது நான்" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவும் இல்லை; அதை அத்தனை பேர் முன்னால் கேட்டால் அவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பின்வரிசையில் ஒரு கிழவி, "கேட்டுக்கங்கடி, வாயாடிகளா" என்றார்.

வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா பதிவைத் திறந்து வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டு வேலை சொல்லத் தொடங்கினார். மகேஸ்வரியின் பெயர் வந்ததும், ஐந்து வருடப் பழக்கத்தில், "கொழுந்து" என்றார். மகேஸ்வரி அசையவில்லை. கண்டாக்கு நிமிர்ந்தார். தொரையைப் பார்த்தார். களம் முழுவதும் காத்திருந்தது. தொரை தலையசைத்தார்.

"நர்சரி" என்றார் கண்டாக்கு.

மகேஸ்வரி நெற்றியிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். பந்தல் இருக்கும் பக்கம் நடந்தவர், பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாங்க ஐயா அங்கயே நிக்கிறீங்க? வாங்க. மண்ணு சலிக்கணும், பை நெரப்பணும். அஞ்சு வருச வேல கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.